அசையாமல் கிடந்தவள்

எங்கள் பேக்கரியின் மாடியில் முன்பெல்லாம் மைதா மூட்டைகள்தான் அடுக்கியிருக்கும். என் நாத்தனார் யோகா படித்துச் சான்றிதழோடு வந்து நின்றதும், என் வீட்டுக்காரர் மூட்டைகளையெல்லாம் கீழே அடுப்பறைக்குப் பக்கத்தில் இறக்கினார். தரையைக் கழுவி, ஜன்னலுக்குத் திரை போட்டு, சாவியைத் தங்கை கையில் கொடுத்தார். தங்கை கேட்டு அவர் எதையும் இல்லை என்று சொன்னதில்லை. என்னிடமும் சொன்னதில்லைதான். நான் எதையும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

நாத்தனாரை வீட்டில் எல்லோரும் குச்சி என்போம். முப்பத்தைந்தைத் தாண்டியும் பள்ளிக்கூடப் பெண் மாதிரி இருப்பாள். கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்களோடு இருக்கிறாள். அவளுக்கு உலகத்தில் இருப்பதெல்லாம் அந்த மாடியும், சுருட்டி வைத்த பாய்களும், விடிகாலையில் வரும் ஆட்களும்தான். நான் அவளுக்கு நேரெதிர். பேக்கரிக்குப் புதிதாக வருகிறவர்கள் கதவின் அகலத்தையும் என் அகலத்தையும் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் பன் கேட்பார்கள். கேக்கின் மேல் பெயர் எழுதுவது என் வேலை. க்ரீமைப் பிழிந்து நான் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும். ஆனால் அதை யாரும் நின்று பார்ப்பதில்லை. கத்தியை எடுத்து வெட்டித் தின்றுவிடுவார்கள்.

“முட்டி வலி, முட்டி வலின்னு மாத்திரைய முழுங்கிட்டே இருக்காதீங்க அண்ணி. கொஞ்ச நாள் மேல வந்து பாருங்க. வலி போகலைன்னா அப்புறம் என்னைத் திட்டுங்க” என்று அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

போன முதல் நாளே மானம் போயிற்று. குனிந்து கால் பெருவிரலைத் தொடச் சொன்னாள். எனக்கும் என் பெருவிரலுக்கும் நடுவில் நானே இருந்தேன். எல்லோரும் தொட்டுவிட்டு நிமிர்ந்து, நான் எதைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று பார்த்தார்கள்.

“அண்ணி, முட்டிய மடக்காதீங்க.”

“நான் எங்கம்மா மடக்கறேன், அதுவா மடங்குது.”

முன் வரிசையில் இருந்த தையல்காரர் சிரித்தார். அவருக்குப் பக்கத்தில் கணக்கு டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் தலைகீழாகக் குனிந்து நிற்கிறவள் யாரிடம் கோபத்தைக் காட்ட முடியும்?

இதைவிடப் பெரிய கூத்து கடைசியில் நடந்தது. எல்லா ஆசனமும் முடிந்த பிறகு மல்லாந்து படுத்து உடம்பை மொத்தமாகத் தளர்த்திவிட வேண்டும். அதற்குச் சவாசனம் என்று பெயர். பிணம் மாதிரி கிடக்க வேண்டும், ஆனால் தூங்கக் கூடாது. மற்றவர்கள் கிடந்தார்கள். நான் குறட்டை விட்டேன். கண் விழித்தபோது கூடமே என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தது.

“அண்ணி, தூங்கறதுக்கு வீட்ல கட்டில் இருக்கு” என்றாள் குச்சி. அடுத்த சில வாரங்களுக்கு அதுதான் கூடத்தின் நிரந்தர ஜோக்.

பொய் சொல்லக் கூடாது, முட்டி வலி நிஜமாகவே குறைந்தது. மூச்சை இழுத்து நிறுத்தி விடுகிற பயிற்சிக்குப் பிறகு கேக்கில் எழுத உட்கார்ந்தால் கை முன்பைவிட நிதானமாக ஓடியது. கீழே பன் வேகிற வாசனை படியேறி வர, மேலே வெறும் வயிற்றோடு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில் சில நாள் மனசு துடைத்துவைத்த மேஜை மாதிரி காலியாக இருக்கும். அதற்காகவே நான் போனேன். ஆனால் குச்சி எப்போதும் சொல்லும் ‘அந்த நிலை’ எனக்கு வாய்க்கவே இல்லை. “உடம்புன்னு ஒண்ணு இருக்கிற நினைப்பே போயிடும். கிடக்கிறது யாருன்னு உங்களுக்கே தெரியாது” என்பாள். எனக்கோ படுத்த உடனே முதுகு அரிக்கும், மூக்கு அரிக்கும், அடுப்பில் வைத்த ட்ரே ஞாபகம் வரும். ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பேன். “அண்ணி, கண்ணு” என்று குரல் வரும்.

அப்போதுதான் எனக்குச் சர்க்கரை வியாதி இருப்பது தெரிந்தது. டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். “இதைப் போட்டா உடனே சாப்பிட்டுடணும். போட்டுட்டு வெறும் வயித்தோட இருந்தா மயக்கம் வரும், ஜாக்கிரதை” என்று தெளிவாகத்தான் சொன்னார். வீட்டில் நேரம் பார்த்துச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். மறுநாள் காலை வகுப்பு முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது குச்சி எல்லோரிடமும் சொன்னாள்: “சர்க்கரைங்கிறது என்ன? நாக்கை அடக்கத் தெரியாதவங்களுக்கு வர்ற வியாதி. வேற ஒண்ணும் இல்ல.” கூடத்தில் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. பேக்கரிக்காரி, அதுவும் இந்த உடம்போடு. வியாதியைச் சொன்னால் என் நாக்கைப் பற்றி ஊரே பேசும். சொல்வதற்கு வாய் வரவில்லை. க்ரீம் பிழியும் முனைகளைப் போட்டு வைக்கும் டப்பாவில், அடியில் ஒரு துணி மடிப்புக்குள் மாத்திரையை ஒளித்து வைத்தேன். அந்த டப்பாவை என்னைத் தவிர யாரும் தொட மாட்டார்கள்.

தினமும் வகுப்பு முடிந்து கீழே வந்ததும், கடிகாரத்தைப் பார்த்து, முதுகைத் திருப்பிக்கொண்டு மாத்திரையைப் போடுவேன். கையோடு சூடான ரொட்டி ஒன்றைத் தின்றுவிடுவேன். யாருக்கும் தெரியாமல் காலம் ஓடியது.

அப்படி இருக்கும்போது குச்சிக்கு ஒரு நல்ல காலம் வந்தது. சோப்புக் கம்பெனி ஒன்றின் மேனேஜர், தன் தொழிலாளர்களுக்கு யோகா சொல்லித் தர ஆள் தேடிக்கொண்டிருந்தார். கணக்கு டீச்சர் இவளைப் பற்றிச் சொல்லியிருந்தாள். வகுப்பை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்றாராம். அவர் வசதிக்காக அன்றைக்கு மட்டும் வகுப்பு வழக்கத்தைவிடத் தாமதமாகத் தொடங்குவதாக ஏற்பாடு.

“அண்ணி, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன், நாளைக்கு மட்டும் சிரிக்க வைக்காதீங்க” என்றாள் முந்தின நாள் சாயங்காலம். “இது கிடைச்சா எனக்குன்னு ஒரு பேர் இருக்கும். எத்தனை நாளைக்குத்தான் அண்ணன் மாடியிலயே உக்காந்துட்டு இருக்கறது?”

அவள் என்னைக் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. இந்தக் காரியத்தை நான் கெடுத்துவிடக் கூடாது என்று மனசுக்குள் தீர்மானம் செய்துகொண்டேன்.

மறுநாள் காலை கேக்குகளுக்கு வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். எப்போதும் மாத்திரை போடுகிற நேரம். கை தன்பாட்டுக்கு டப்பாவைத் திறந்தது, மாத்திரை வாய்க்குள் போயிற்று, தண்ணீரும் குடித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் இன்றைக்கு வகுப்பு இனிமேல்தானே என்ற நினைப்பு வந்தது. கை எட்டுகிற தூரத்தில் பன் இருந்தது. ஒன்றை எடுத்தேன்கூட. அந்த நேரம் பார்த்துப் படியில் குச்சியின் தலை தெரிந்தது.

“அண்ணி, வயித்துல ஒண்ணும் இல்லல்ல?”

“இல்லம்மா, காலியாத்தான் இருக்கு” என்று பன்னை மறுபடி ட்ரேயில் வைத்தேன். குனியும்போது ஏப்பம் விட்டுக் காரியத்தைக் கெடுத்துவிடுவேனோ என்ற பயம்தான். ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். புத்தி கெட்டவள், அப்படித்தான் நினைத்தேன்.

மேனேஜர் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் அன்றைக்குச் செய்த மாதிரி என்றைக்கும் செய்ததில்லை. பெருவிரல் எட்டவில்லை, ஆனால் அதற்குப் பக்கம் வரை போனேன். குச்சியின் முகத்தில் சிரிப்பு தெரிந்தது. நடுவிலேயே எனக்குக் கை லேசாக நடுங்க ஆரம்பித்தது. என்றைக்கும் இல்லாமல் ஒழுங்காகச் செய்வதால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். சவாசனத்துக்குப் படுக்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்தது. நாக்கு தடித்துப் போன மாதிரி இருந்தது, உதட்டைச் சுற்றி மரத்திருந்தது. உடம்பெல்லாம் சில்லென்று வேர்த்தது.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் சொன்னது இதுதான். கையைத் தூக்கு, யாராவது பார்ப்பார்கள் என்று மனசு சொன்னது. தூக்கத்தான் இருந்தேன். விரல்கூட அசைந்தது.

அந்த நேரத்தில் என் தலைமாட்டில் காலடிச் சத்தம் வந்து நின்றது. குச்சியும் மேனேஜரும். “சார், இவங்க என் அண்ணி” என்றாள் அவள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. “வந்த புதுசுல ஒரு நிமிஷம் சும்மா கிடக்க மாட்டாங்க. தூங்குவாங்க, சொறிவாங்க, பேசுவாங்க. இப்பப் பாருங்க, கண் இமைகூட ஆடல. நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன், இவங்க அளவுக்கு யாரும் உள்ள போனதில்ல. நான் சொன்ன நிலை இதுதான்.”

“அடேங்கப்பா” என்றார் அவர்.

என்னைப் பற்றி, என் உடம்பைப் பற்றி, இப்படி ஒரு வார்த்தையை என் வாழ்நாளில் யாரும் சொன்னதில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தூக்கப் போன கையை அப்படியே விட்டுவிட்டேன். அவர்கள் அந்தப் பக்கம் நகரட்டும், அதற்குப் பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம், இன்னும் கொஞ்ச நேரம் இந்தப் பெயரோடு கிடக்கலாம் என்று தோன்றியது. அவர்கள் நகர்ந்தார்கள். அப்போது கூப்பிட நினைத்தேன். எந்தக் கையைத் தூக்குவது என்றே தெரியவில்லை. குச்சி எல்லோரிடமும் சொல்வது தூரத்தில் கேட்டது: “சத்தம் போடாம எழுந்து போங்க. அண்ணியக் கலைக்க வேணாம்.” அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியை எடுக்கத் தையல்காரர் திரும்பி வந்திருக்கிறார். நான் கிடந்த கோலத்தைப் பார்த்து, கூப்பிட்டுப் பார்த்து, தொட்டுப் பார்த்து, படியில் நின்று அலறியிருக்கிறார். குச்சி அப்போது தெருவில் மேனேஜரைக் காரில் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தாளாம். ஆம்புலன்ஸ் வருவதை மேனேஜரும் நின்று பார்த்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஆஸ்பத்திரியில் நரம்பில் குளுக்கோஸ் ஏறி நான் கண்ணைத் திறந்தபோது, என் வீட்டுக்காரர் யாரையோ திட்டுகிற சத்தம்தான் முதலில் காதில் விழுந்தது. ரத்தத்தைச் சோதித்ததில் சர்க்கரை, மாத்திரை விஷயம் எல்லாம் வெளியே வந்திருந்தது. குச்சி கதவோரம் நின்றிருந்தாள். அவசரத்தில் எடுத்து வந்த யோகா பாய் இன்னும் அவள் கக்கத்தில் இருந்தது.

“ஒரு மனுஷி உயிர் போயிட்டு இருக்கு, நீ அதைக் காட்டி வேடிக்கை காட்டியிருக்க. கலைக்க வேணாமாம், கலைக்க. நீயெல்லாம் என்னத்தடி படிச்ச?”

டாக்டர் உள்ளே வந்து, “ஆரம்பத்துலயே ஒரு வாய் சர்க்கரைத் தண்ணி குடுத்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. நல்லவேளை, இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா மூளைக்கே ஆபத்து” என்றார். என் வீட்டுக்காரர் தங்கையைப் பார்த்த பார்வையில் எரித்துவிடுவார் போலிருந்தது. அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் கையைத் தூக்கவில்லை என்று ஒரு வார்த்தை. களைப்பாக இருக்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். அசையாமல் கிடக்கத்தான் எனக்கு நன்றாகப் பழகிப் போயிருந்ததே.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு ராஜ உபசாரம். அவர் கூடத்தைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “மாடியை மறுபடி மூட்டைக்கே விட்டுடப் போறேன். இந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள்ள அவளோட சாமானை எடுத்துக்கட்டும்” என்றார். சோப்புக் கம்பெனியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வகுப்புக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வேறு இடம் தேடிப் போய்விட்டார்கள். குச்சி எங்களோடு சாப்பிட வருவதை நிறுத்தினாள். நாங்கள் சாப்பிட்டு முடித்த பிறகு வந்து, சத்தம் வராமல் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவாள். சத்தம் வராமல் கழுவுவதற்கு அவள் குழாயைத் துளித்துளியாகத் திறப்பது எனக்குக் கட்டிலில் இருந்தே தெரியும். எழுந்து போய் நிற்க எனக்கு முகம் இல்லை.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், அவர் மாவு பிசைகிற இடத்தில் போய் நின்றேன்.

“என்னங்க, ஒண்ணு சொல்லணும். அவமேல தப்பு இல்ல. எனக்கு அப்பவே தெரியும். கை நடுங்குச்சு, வேர்த்துச்சு. கையைத் தூக்கியிருக்கலாம். தூக்கல.”

“ஏன் தூக்கல?”

“என்னைப் பத்திப் பெருமையாச் சொல்லிட்டு இருந்தா. அதைக் கெடுக்க மனசு வரல.”

சொல்லிவிட்டேன். காது மடலெல்லாம் சுட்டது. இப்படி ஒரு கேவலத்தைக் கட்டின புருஷனிடம் சொல்வதற்குள் நான் பாதி செத்துவிட்டேன். அவர் மாவிலிருந்து கையை எடுத்தார். என்னையே பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் கண் கலங்கியது.

“உனக்கு இவ்வளவு பெரிய மனசுன்னு இத்தனை வருஷமா எனக்குத் தெரியலியேம்மா” என்றார்.

“ஐயோ, நான் என்ன சொல்றேன், நீங்க என்ன சொல்றீங்க?”

“அவளைக் காப்பாத்த உன்னையே தரைமட்டமா இறக்கிச் சொல்லிக்கிற. பாராட்டுக்காக உயிரை விடுவாளா ஒருத்தி? எனக்கென்ன பைத்தியமா, இதை நம்பறதுக்கு?”

“சத்தியமாத்தாங்க.”

“சரி, சரி. நீ போய்ப் படு.”

எது வெட்கக்கேடு என்றால், பெரிய மனசு என்று அவர் சொன்னபோது ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அத்தனைக்கும் பிறகு. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவர் அதோடு விடவில்லை. ஃபோனில் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொன்னார். பன் வாங்க வந்த தையல்காரரிடம் சொன்னார். கணக்கு டீச்சர் என்னைப் பார்க்க வந்தபோது அவளிடம் நானே முந்திக்கொண்டு உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “யோகா உங்களை எங்கயோ கொண்டு போயிடுச்சுக்கா. எனக்கெல்லாம் இந்தப் பக்குவம் வரவே வராது” என்றாள். கணக்குத் தெரிந்தவள் என்று பெயர். இந்தச் சின்னக் கணக்கு அவளுக்கு விளங்கவில்லை. நான் எத்தனை தரம் உண்மையைச் சொன்னேனோ அத்தனை தரமும் எனக்குப் பெயர் கூடிக்கொண்டே போயிற்று. குச்சிக்கு அந்த அளவுக்குக் குறைந்துகொண்டே வந்தது. இப்படிப்பட்ட தங்கமான அண்ணியையா சாகடிக்கப் பார்த்தாள் என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், அவள் சாமான்களை எடுத்துக்கொள்வதற்காக என் வீட்டுக்காரர் கூடத்தைத் திறந்துவிட்டார். குச்சி மேலே தனியாகப் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் படியைப் பிடித்துப் பிடித்து ஏறிப் போனேன். திரைகளைக் கழற்றியிருந்ததால் வெளிச்சத்தில் கண் கூசியது.

“ஏன் அண்ணி ஏறி வந்தீங்க? கூப்பிட்டிருந்தா நானே வந்திருப்பேனே.”

“நீ எங்க வர்ற? என்னைக் கண்டா ஒளியற.” மூச்சு வாங்க ஒரு பாய் மேல் உட்கார்ந்தேன். “உங்கண்ணன்கிட்ட ஒண்ணு சொன்னேன். அவர் நம்பல. ஊர்ல ஒருத்தரும் நம்பல. நீயாவது நம்பு.” எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலைமாட்டில் நின்றதையும், மேனேஜர் அடேங்கப்பா என்றதையும், எனக்கு உச்சி குளிர்ந்ததையும், தூக்கப் போன கையைக் கீழே விட்டதையும் சொன்னேன்.

அவள் பாய்க்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சைப் போட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். “நம்பறேன் அண்ணி” என்றாள்.

“நம்பறியா?”

“உங்க விரல் அசைஞ்சதைப் பாத்தேன்.”

எனக்குப் புரியவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

“விரல் அசைஞ்சுது. மூக்கு மேல வேர்த்திருந்துச்சு. சவாசனத்துல உடம்பு குளிரும், வேர்க்காது. எனக்கு அது தெரியும். குனிஞ்சு தொட்டுப் பாக்கணும்னு தோணுச்சு. மேனேஜர் பக்கத்துல நின்னுட்டு இருந்தார். நான் பெருமையாச் சொல்லி முடிச்ச உடனே உங்களை எழுப்பிக் கேட்டா நல்லாவா இருக்கும்னு நினைச்சேன். அவர் போகட்டும், வந்து பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்.”

நான் எத்தனையோ கோபப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு வந்த கோபம் வேறு. சொல்வதற்கு வாயில் என்னென்னவோ வந்தது.

“நான் செத்திருப்பேன்டி.”

“ஆமா” என்றாள்.

சமாதானம் சொல்லவில்லை, அழவும் இல்லை. அவளை ஓங்கி ஓர் அறை விடலாம் போல இருந்தது. ஆனால் அவர் போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் நினைத்தது, கீழே கிடந்து நான் நினைத்ததுதானே? அவள் அறை வாங்க வேண்டுமென்றால் எனக்கும் ஒன்று பாக்கி இருந்தது. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தே அழுதேன். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், என்னைத் தொடவில்லை.

படியில் கனமான காலடிச் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் முதல் மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். நடுக்கூடத்தில் அதை இறக்கி, மாவுத்தூள் படிந்த கையைத் தட்டிக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

“இங்கயும் வந்து அதையே சொல்லிட்டியா?” என்றார் என்னிடம். பிறகு தங்கையிடம் திரும்பினார். “கேட்டியா? உன்னைக் காப்பாத்த இவ என்னென்ன சொல்றான்னு கேட்டியா? படி ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியும் உனக்காக ஏறி வந்திருக்கா. இவளே இவ்வளவு இறங்கி வர்றப்போ நான் மட்டும் ஏன் முறுக்கிட்டு நிக்கணும்? போ. திங்கட்கிழமையிலேருந்து நடத்திக்கோ. உங்கண்ணி முகத்துக்காகத்தான் தர்றேன்.”

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

வாங்கிக்கொள், வாங்கிக்கொள் என்று நான் மனசுக்குள் சொன்னேன். அவள் வாங்கிக்கொண்டால் அவளுக்குக் கூடம் கிடைக்கும். அவள் பார்த்த வேர்வை எங்கள் இருவருக்குள்ளேயே நின்றுவிடும். என் பெரிய மனசும் பெரிய மனசாகவே இருந்துவிடும். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. அவள் எழுந்தாள். கை பாதி தூரம் போனது.

“சாவி உங்கிட்டயே இருக்கட்டும்ணா” என்று கையை மடக்கிக்கொண்டாள். “முதல்ல உக்காரு. அண்ணி சொன்னது அவ்வளவும் நெசம். என்னைக் காப்பாத்தறதுக்கு அவங்க எதையும் இட்டுக் கட்டல. என் பக்கமும் ஒண்ணு இருக்கு. அதையும் கேட்டுட்டு அப்புறம் தர்றதா வேணாமான்னு சொல்லு.”

அவர் மூட்டை மேல் உட்கார்ந்தார். அவள் நின்றபடியே சொன்னாள். விரலைச் சொன்னாள், வேர்வையைச் சொன்னாள், மேனேஜரைச் சொன்னாள். எதையும் மழுப்பிச் சொல்லவில்லை. நான் அவர் கண்ணைப் பார்க்காமல், எல்லாம் முடிந்து பல நாள் கழித்து, கையைப் பிசைந்துகொண்டு சொன்னதை அவள் சாவி நீட்டின கைக்கு எதிரில் நின்று சொன்னாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் சாவியை வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. முதலில் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அப்ப நீ அன்னிக்குச் சொன்னது...”

“ஆமாங்க. அதைத்தான் நான் சொல்லிட்டே இருந்தேன்.”

கீழே யாரோ வாடிக்கையாளர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. அப்புறம் சாவியை மூட்டை மேல் வைத்துவிட்டு எழுந்தார்.

“நடத்து” என்றார் தங்கையிடம், சுரத்தே இல்லாத குரலில். “ஆனா வர்றவங்க எல்லார்கிட்டயும் முதல் நாளே இதைச் சொல்லிட்டு நடத்து. ரெண்டு பேரும் சேந்து நின்னு சொல்லுங்க.”

படிக்கட்டில் இறங்குவதற்கு முன் என்னை இன்னொரு தரம் திரும்பிப் பார்த்தார். கோபம் இருந்தால்கூடப் பரவாயில்லை, அதுவும் இல்லை. இத்தனை நாளாக அவர் என்னைப் பார்க்கும்போது கண்ணில் இருந்த அந்தக் கலக்கம், அந்த மரியாதை, அது மட்டும் இல்லாமல் போயிருந்தது. இந்த உண்மையை அவர் நம்ப வேண்டும் என்றுதானே நான் அலைந்தேன்? நம்பிவிட்டார். எனக்கு நிம்மதி வரவில்லை. ஐயோ, போய்விட்டதே என்றுதான் இருந்தது.